எட்டிப் பார்த்தால் அது ஊகம்

காணாமல் போனவர்களைக் கண்டுபிடிக்க எங்கள் ஊரில் ஒரு துறை இருக்கிறது. அந்தத் துறையில் யாரும் தேடுவதில்லை என்பதை முதல் நாளே ஒருத்தராவது என்னிடம் சொல்லித் தொலைத்திருந்தால், நல்ல செருப்பாக ஒரு ஜோடி மாட்டிக்கொண்டு நானே தெருத்தெருவாக இறங்கியிருப்பேன். யாரும் சொல்லவில்லை. வாசல் காவலாளி மட்டும், "உள்ளே சத்தமா பேசாதீங்கம்மா, யோசிச்சுக்கிட்டு இருக்காங்க" என்றார்.

காணாமல் போனது என் தம்பி. குளிர்பதனக் கிடங்கில் பெட்டி இறக்குகிறவன். காலையில் வேலைக்குக் கிளம்பியவன் கிடங்குக்கும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. அவனுக்கு நான், எனக்கு அவன், வேறு நாதி இல்லை. நான் வீட்டு முன்னறையிலேயே இஸ்திரிக் கடை போட்டிருக்கிறேன். அவன் வராத அன்றைக்கு, தேய்த்துக்கொண்டிருந்த யாருடைய சேலையையோ பொசுக்கிவிட்டுத்தான் துறைக்கு ஓடினேன்.

உள்ளே ஒரு பெரிய கூடம். கூடத்தின் ஒரு சுவர் முழுக்கக் கட்டம் போட்டிருந்தார்கள். பத்திரிகையில் வருமே சுடோகு, அதே கட்டம்தான். ஏணி வைத்து ஏறுகிற அளவுக்குப் பெரியது. ஏணிகளின் மேல் காதில் பென்சில் செருகிய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வப்போது ஒருவர் பெருமூச்சு விட்டுவிட்டு எதையோ அழிப்பார். அழித்த ரப்பர் துகள் கீழே உதிரும். தரையெல்லாம் துகள், நடந்தால் காலில் ஒட்டியது.

எனக்கு விளக்கம் சொல்ல வந்த குமாஸ்தாவை எல்லோரும் 'ரப்பர்' என்று கூப்பிட்டார்கள். அழிப்பதில் கைராசிக்காரராம்.

"ஒம்பது பேர் காணாம போனா ஒரு கட்டம்மா. உங்க தம்பி ஏழாம் நம்பர். மேலேருந்து கீழே ஒம்பது வரிசை, ஒம்பது இடம். பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, சந்தை, லாட்ஜு, பாலத்தடி, ஆத்தங்கரை, வேலை பார்க்கிற இடம், வீடு, பிணவறை. இடமிருந்து வலமா, பகலை ஒம்பது நேரமா வெட்டியிருக்கோம். ஒரு நேரத்துல ஒருத்தர் ஒரு இடத்துலதான் இருக்க முடியும். சரிதானே?"

"சரிதான்."

"அதே மாதிரி, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தடவை போயே ஆகணும்."

"எதுக்குப் போகணும்?"

"போகலைன்னா கட்டம் தீராதும்மா."

"பிணவறைக்குமா?"

"எல்லாரும் ஒரு தடவை அங்கே போய்த்தானே ஆகணும்" என்றார் ரப்பர், வெகு சாதாரணமாக.

பிறகு என்னை இயக்குநரிடம் அழைத்துப்போனார்கள். சுடோகுப் போட்டியில் கோப்பை கோப்பையாக வாங்கியவராம். அந்தத் தகுதிக்குத்தான் அந்த நாற்காலி. அலமாரி நிறையக் கோப்பைகள் இருந்தன. காணாமல் போனவர்கள் படம் ஒன்றுகூட இல்லை.

"முன்னாடியெல்லாம் இந்தத் துறை ஆளுங்க வெயில்ல அலைஞ்சு தேடுவாங்க" என்று ஆரம்பித்தார் இயக்குநர். "ஜீப்பு, நாய், டார்ச் லைட்டு. பார்க்கவே கேவலமா இருக்கும். என்ன ஆச்சு? நிறைய பேர் கிடைச்சாங்க. இல்லைங்கல. ஆனா எதனால கிடைச்சாங்கன்னு ஒருத்தராலயாவது விளக்க முடிஞ்சுதா? நான் வந்துதான் அந்த அநாகரிகத்தை நிறுத்தினேன். இப்போ நாங்க யாரையும் தேடறதில்லை. இல்லாத இடத்தையெல்லாம் அழிக்கிறோம். கடைசியா அழியாம எது நிக்குதோ, அங்கே அவர் இருந்தே ஆகணும். அவருக்கு வேற வழியே கிடையாது."

கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அதன்பின் எனக்குச் சத்தியப் பிரமாணம். கூராகச் சீவிய பென்சில் மேல் கைவைத்து, 'தேட மாட்டேன், விசாரிக்க மாட்டேன், எட்டிப் பார்க்க மாட்டேன், ஊகிக்க மாட்டேன்' என்று சொல்ல வேண்டும். மீறினால் தம்பியை இந்தக் கட்டத்திலிருந்து தூக்கி அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடுவார்களாம். அடுத்த கட்டத்துக்கு இன்னும் எட்டுப் பேர் காணாமல் போக வேண்டும். யார் வீட்டுப் பிள்ளை போக வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வது? சொல்லிவிட்டேன்.

கிளம்பும்போது ஏணியிலிருந்து ஒரு துகள் என் தோளில் விழுந்தது. தட்டிவிடப் போனேன். "தட்டாதீங்கம்மா, அது ஏழுதான். இப்பத்தான் உங்க தம்பியை லாட்ஜுலேருந்து அழிச்சோம்" என்றார் ரப்பர். அந்தத் துகளை விரல் நுனியிலேயே வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். தூக்கிப் போட மனசு வரவில்லை.

அப்புறம் தினமும் துறைக்கு நடந்தேன். தினமும் ஒரு புது நுட்பம். ஒருநாள், 'நிர்வாண இரட்டையர்' கிடைத்துவிட்டார்கள் என்று கூடமே கை தட்டியது. என் தம்பி சட்டை போட்டுக்கொண்டுதானே போனான் என்று பதறினேன். ரப்பர் சமாதானம் சொன்னார். ரெண்டாம் நம்பருக்கும் அஞ்சாம் நம்பருக்கும் காலையில் ஒரு நேரத்தில் சந்தை, பஸ் நிலையம் என்று ரெண்டே இடம்தான் மிச்சமாம். ஆகையால் அந்த நேரத்தில் அந்த ரெண்டு இடத்திலும் வேறு யாரும் இருக்க முடியாதாம்.

"சந்தையில ஊரே நிக்குதுங்க."

"கட்டத்துல நிக்கலையேம்மா" என்றார்.

இன்னொரு நாள் 'எக்ஸ் சிறகு'. அதைக் கண்டுபிடித்த ஆளை ஏணியோடு தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தார்கள். விஷயம் இதுதான்: விடிந்ததும் வருகிற நேரத்திலும், உச்சி வேளையிலும் என் தம்பிக்கு ஆஸ்பத்திரி, பாலத்தடி ரெண்டைத் தவிர இடமே கிடையாது. ஒன்றில் இங்கே என்றால் மற்றதில் அங்கே. ஆகவே மிச்ச நேரத்திலெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து அவனை அழித்துவிட்டார்கள்.

"அப்போ ரெண்டு நேரத்துல ஒரு நேரம் ஆஸ்பத்திரியில இருக்கான். அப்படித்தானே?"

"சந்தேகமே இல்லை."

"நான் ரெண்டு நேரமும் போய் எட்டிப் பார்த்துட்டு வந்துடறேன்."

ஏணியில் இருந்த ஒருவர் கையிலிருந்த பென்சிலையே கீழே போட்டுவிட்டார். சுவரோரம் காத்திருந்த மற்ற குடும்பத்தார் என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவளைப் போலப் பார்த்தார்கள்.

"எட்டிப் பார்த்தா அது ஊகம்மா" என்றார் ரப்பர், தணிந்த குரலில்.

"காய்ச்சல்ல படுத்த படுக்கையா கிடந்தான்னா? உங்களுக்காக நேரத்துக்கு நேரம் எழுந்து சந்தைக்கும் ஆத்தங்கரைக்குமா போயிட்டு வருவான்?"

"போயாகணும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு நேரே ஆஸ்பத்திரிக்கே போனேன். வாயிற்காரன், "நம்பர் என்ன? எந்த நேரம் போட்டிருக்காங்க?" என்றான். இன்னும் போடவில்லை என்றேன். போட்டதும் வரச் சொல்லிக் கதவைச் சாத்தினான். ஊரே அந்தக் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது, நான் ஒருத்திதான் வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

கட்டத்தில் 'வீடு' என்று இருந்தது ஒரே வரிசை. ஒன்பது பேருக்கு ஒன்பது வீடு இருக்குமே என்று துறையில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியபோது, முதலில் கையில் அகப்பட்ட முகவரியை அந்த வரிசைக்கு எழுதிவிட்டார்கள். அது என் முகவரி. அந்த வரிசை நிரம்பிய மறுநாளே என் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

காலையில் முதலில் ரெண்டாம் நம்பரின் புருஷன் வருவார். "இது எங்க நேரம்மா" என்று சொல்லி, துணி மூட்டைகளுக்கு நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு, எதிரே காலியாக இன்னொரு நாற்காலியையும் போட்டு, அதனோடு பேச ஆரம்பிப்பார். குழாய் ரிப்பேர் ஆனது, பெரியவள் பரீட்சையில் தேறியது எல்லாம் சொல்வார். நேரம் முடிந்ததும் எழுந்து, "வரட்டுமா" என்று அந்த நாற்காலியிடம் கேட்டுக்கொண்டு போவார். அடுத்து ஒன்றாம் நம்பரின் தங்கை. அதற்கடுத்து எட்டாம் நம்பரின் அப்பா, அவர் எதுவும் பேச மாட்டார். ஒருவர் கூட அழவில்லை. துறை சொன்ன நேரத்தில் துறை சொன்ன இடத்தில் ஆள் இருக்கிறான் என்ற நம்பிக்கை. நானோ இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி காலி நாற்காலியைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். ஒருநாள் பெருக்குவதற்காக அந்த நாற்காலியை நகர்த்தினேன். உட்காருமிடம் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மூலைக்கு வெயில் வராது.

மதியம் கழிந்த முதல் நேரம் நாலாம் நம்பருக்கு. அவனுடைய அம்மா வருவாள். தையல் மிஷின் ஊசி விற்கிற கடையில் வேலை பார்க்கிறவள், சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வருவாள். மகனுடைய வெள்ளைச் சட்டை ஒன்றைத் தினமும் கொண்டுவந்து தேய்க்கக் கொடுப்பாள். நேற்றுத் தேய்த்த சட்டைதான், மடிப்பு கலையாமல் இருக்கும். இருந்தாலும் கொடுப்பாள், நானும் தேய்ப்பேன். அதன் இடது கை மட்டும் ஒரு மடிப்பு உள்ளே வைத்துத் தைத்திருந்தது. சின்ன வயசில் மரத்திலிருந்து விழுந்து இடது முழங்கை சரியாகக் கூடாமல் போய்விட்டதாம், அந்தக் கை கொஞ்சம் குட்டை. "கிண்டல் பண்ணுவாங்கன்னு நானே தைச்சேன். பார்த்தா தெரியாதுல்ல?" என்பாள். தெரியாதும்மா என்பேன். சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, நேரம் முடிகிறவரை வாசல் கதவையே பார்த்தபடி இருப்பாள். அவளுக்கு அப்புறம் அஞ்சாம் நம்பர் வீட்டாரின் நேரம்.

அப்படி அவள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மதியம் கதவைத் திறந்துகொண்டு என் தம்பி வந்தான்.

கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, உடம்பெல்லாம் நடுக்கமாக நின்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா எழுந்துவிட்டாள். "வந்துட்டியாப்பா?" என்றாள். அவன் தள்ளாடிக்கொண்டே, "வந்துட்டேன்மா" என்றான். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பான், பாவி. அவள் அவனை நாற்காலியில் உட்கார வைத்து, நடுங்குகிறானே என்று அந்த வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டாள். இடது கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. அவள் அதை இழுத்து இழுத்துவிட்டாள். நான் கையில் சூடான பெட்டியோடு நின்றேன்.

நேரம் முடிந்து, சட்டையைக் கழற்றி மடித்து எடுத்துக்கொண்டு அவள் போன பிறகுதான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுது முடித்து நாலு சாத்தும் சாத்தினேன். அன்றைக்கு வழியிலேயே காய்ச்சல் கண்டு விழுந்திருக்கிறான். யாரோ ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். இத்தனை நாளும் அங்கேதான், ஒரே பாயில். "யாராவது வந்து பார்ப்பாங்கன்னு நினைச்சேன்க்கா" என்றான்.

மறுநாள் காலை அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு துறைக்குப் போனேன். இயக்குநர் முன்னால் நிறுத்தினேன்.

"இவன்தான் ஏழாம் நம்பர். வீட்டுக்கு வந்துட்டான். அழிச்சுக்கோங்க."

இயக்குநர் தம்பியைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். "எந்த நேரம் வந்தார்?"

"மதியம் கழிஞ்ச முதல் நேரம்."

"அந்த நேரத்துல வீட்ல இருக்கிறவர் நாலாம் நம்பர். மையில எழுதியாச்சு. அப்போ ஏழு பிணவறையில."

"ஐயா, நான்தாங்க" என்றான் தம்பி.

"நீங்க இங்கேயும் இருக்க முடியாது தம்பி. துறை அலுவலகம் கட்டத்துலேயே இல்லை" என்று அன்பாகச் சொன்னார் இயக்குநர்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அந்த நாலையும் ஏழையும் மாத்திப் போட்டா உங்க குடி முழுகிப்போயிடுமா?" என்று கத்தினேன்.

இயக்குநர் எழுந்தார். சுவரருகே போய் நாலு மூலையைக் குச்சியால் தொட்டார். வீடு, பிணவறை, இந்த நேரம், அந்தி நேரம். "நாலும் ஏழும். மாத்திப் போட்டாலும் சரியா வரும்னு சொல்றீங்க. இதுக்குப் பேரு மரணச் சதுரம்மா. ரெண்டு விடை உள்ள கட்டத்தை என் பதவிக் காலத்துல இந்தத் துறை வெளியிட்டதே இல்லை. ஒரு கட்டத்துக்கு ஒரே விடைதான். ஆகையால நீங்க சொல்றது நடக்கலை. நடந்திருந்தா எங்க கட்டம் தப்புன்னு ஆகும். எங்க கட்டம் தப்பா இருக்க முடியாது. பார்த்தீங்களா, எவ்வளவு அழகா வந்து முடியுது?"

ஏணிகளிலிருந்து கைதட்டல் வந்தது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் மேசைத் தொலைபேசி அடித்தது. ரப்பர் எடுத்துக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. அத்தனை காலமாக அந்தத் துறையில் ஒரு விடை சுவரை விட்டு வெளியே வந்து அவரைக் கூப்பிட்டதில்லை போலிருக்கிறது. "பிணவறையிலேருந்து பேசறாங்க" என்றார். "ஆத்துல எடுத்த ஒரு பையன் வந்திருக்கானாம். ஏழாம் நம்பரா இருந்தா சொந்தக்காரங்களை வரச் சொல்றாங்க."

"சொன்னேன்ல?" என்றார் இயக்குநர்.

தம்பியை வாசலில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் போனேன். பிணவறை ஊழியர் துணியை விலக்கினார். முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நான் அவனைப் பார்த்ததே இல்லையே. கையைப் பார்த்தேன். வலது கை நீட்டிக்கொண்டிருந்தது. இடது கை முழங்கையில் லேசாக மடங்கி, ஒரு சட்டை மடிப்பு அளவுக்குக் குட்டையாக இருந்தது. கால் விரலில் 'ஏழு' என்று எழுதிக் கட்டியிருந்தார்கள். அந்த மடிப்பைத் தினமும் தேய்த்த என் கட்டைவிரல் அப்போது எரிந்தது.

எடுத்துக்கொண்டு போகலாம் என்றார் ஊழியர். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். திரும்பி வரும் வழியில் ரப்பர் என்னைப் பின்தொடர்ந்து ஓடி வந்தார். மூச்சிரைக்க, "உங்க தம்பி உயிரோட இருக்கிறதுல துறைக்கு ஆட்சேபணை இல்லையாம்மா. கட்டத்துல மட்டும் காட்டிக்காதீங்க" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அங்கே யாரும்மா இருந்தாங்க?" என்று கேட்டார். நீ போய்ப் பாரேன்யா என்று மனசுக்குள் திட்டினேன்.

மதியம் கழிந்தது. அந்த அம்மா வந்தாள். சட்டையைக் கொடுத்தாள். தம்பி எதிர் நாற்காலியில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான், அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். எனக்குப் பெட்டியைத் தூக்கவே முடியவில்லை. எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் இவள் பிள்ளை என் தம்பி பேரில் மண்ணுக்குள் போவான், இவள் என் தம்பிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு இருப்பாள். சொன்னால் இவளுக்கு இந்த நாற்காலியும் இல்லாமல் போகும். சட்டையை விரித்தேன், இடது கையை விரித்தேன், அப்படியே நின்றுவிட்டேன்.

"நேத்து போட்டுவிட்டப்பவே தெரிஞ்சுடுச்சும்மா" என்றாள் அவள். "கை எட்டல."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அப்புறம் ஏம்மா ஒண்ணும் சொல்லாம போனீங்க?"

"வந்துட்டியான்னு தினமும் இந்தக் கதவைப் பார்த்துக் கேட்பேன், மனசுக்குள்ளதான். நேத்து ஒருத்தன் வந்துட்டேன்மான்னு சொன்னான். அதைக் கலைச்சுவிட மனசு வரல." தம்பியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அங்கே இருக்கும், இங்கே இருக்கும்னு எல்லாரும் கணக்குப் போட்டுத்தான் சொல்றாங்க. கண்ணால பார்த்து ஒருத்தரும் சொல்லலை. நீ காலையில எங்கேயோ போயிட்டு வந்திருக்கே, முகமே சரியில்ல. பார்த்தியாம்மா?"

"பார்த்தேன்மா" என்றேன்.

அவள் விரித்துக் கிடந்த இடது கையைத் தடவிவிட்டாள். "அப்போ அந்தச் சட்டையை நல்லா தேய்ச்சுக் கொடு" என்றாள்.

தேய்த்தேன். அவ்வளவு நாளில் அத்தனை கவனமாக அதைத் தேய்த்ததில்லை. மறுநாள் மூன்று பேரும் பிணவறைக்குப் போனோம். அந்த அம்மாவே சட்டையைப் போட்டுவிட்டாள். இடது கை சரியாக மணிக்கட்டில் வந்து நின்றது. அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். கால் விரல் சீட்டை மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன், துறையிலிருந்து வந்த நம்பரைத் தொட எனக்கு அதிகாரமில்லை என்றார் ஊழியர். அதனால் ஏழாம் நம்பர் என்றே அவனை எடுத்தார்கள். ஏழாம் நம்பருக்கு ஏழாம் நம்பரே தோள் கொடுத்தான். அன்றைக்குத் துறையில், கட்டம் தீர்ந்ததற்கு விழா நடந்ததாம்; இயக்குநருக்கு இன்னொரு கோப்பை.

அடுத்த நாள் இனி அவள் வரமாட்டாள் என்று நாற்காலியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். மதியம் கழிந்ததும் வந்துவிட்டாள். கையில் சட்டை இல்லை. நாற்காலியைத் தானே எடுத்துவந்து, கதவுக்கு முதுகைக் காட்டிப் போட்டு, என் எதிரே உட்கார்ந்தாள். தம்பி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குடித்துவிட்டு, மலைபோலக் கிடந்த துணியைப் பார்த்து, ஒவ்வொன்றாக மடித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் வாசல் கதவு ஆவென்று திறந்தே கிடந்தது. எனக்குத்தான் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"கதவைச் சாத்திடட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்மா" என்றாள், மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "அஞ்சாம் நம்பர் வர்ற நேரம்."